பழைய பொலிரோ பிக்கப்பில் ஆர்.பி.எம். மீட்டர் போட வேண்டும், சிக்னல் எங்கே எடுப்பது?

திம்பம்27 (தாளவாடி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2009 மாடல் பொலிரோ பிக்கப் இருக்கிறது. 2523 சிசி டிஐ இன்ஜின், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. மீட்டர் போர்டில் ஸ்பீடோமீட்டர், டீசல் முள், ஹீட் முள், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸ், தக்காளி ஏற்றிக்கொண்டு திம்பம் இறங்கி சத்தியமங்கலம் போவதுதான் வண்டிக்கு வேலை. சில நாள் மேட்டுப்பாளையம் மண்டி வரை. நானும் ஓட்டுவேன், டிரைவர் பையன் ஒருவனும் ஓட்டுவான். ஹெட் கேஸ்கட் போய் இன்ஜினைத் திறந்தபோது மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பிஸ்டன் தலையில் கரி சுரண்டுப்பட்டு, பிறை வடிவத்தில் மெல்லிய தழும்பு. வால்வு வந்து தொட்டிருக்கிறது. "இறக்கத்தில் இன்ஜினை ரொம்பக் கத்த விட்டிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வால்வு வளைந்திருக்கும்" என்றார்.

அதனால்தான் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று மாட்டலாம் என்று யோசனை. இங்கே எலக்ட்ரீஷியனிடம் கேட்டால், "டீசல் வண்டிக்கு அதெல்லாம் வராது, காயிலே இல்லையே, எங்கிருந்து ஒயர் எடுப்பது" என்கிறார். உண்மையா? போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ஸ்டியரிங் (ஒட்டன்சத்திரம்)

தம்பி, இந்த வேலையே வேண்டாம். குமுளி மலையில் கேரளாவுக்குக் காய்கறி லோடு இழுத்துத் தலை நரைத்தவன் நான். இன்ஜின் சத்தம் கேட்டாலே எத்தனையில் சுற்றுகிறது என்று காது சொல்லிவிடும். மீட்டரைப் பார்க்கிற நேரத்தில் ரோட்டைப் பாருங்கள். அந்தப் பணத்தில் பிரேக் லைனிங் மாற்றினால் புண்ணியம்.

டைனமோ கடை (சங்ககிரி)

டீசல் வண்டிக்கு ஆர்.பி.எம். மீட்டர் வராது என்பது சரியில்லை. பெட்ரோல் வண்டி மீட்டர் டீசலுக்கு வராது, அதுதான் சரி.

பெட்ரோலில், ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் காயிலின் நெகட்டிவ் பக்கம் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு துடிப்பு வரும். நாலு சிலிண்டர் என்றால் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. மீட்டர் அதை எண்ணிக் காட்டும். டீசலில் ஸ்பார்க் இல்லாததால் டைனமோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். (ஆல்டர்நேட்டர்தான். கடைக்கு வருகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் டைனமோ என்றே எழுதுகிறேன்.)

டைனமோவுக்குள் உருவாவது ஏ.சி. கரண்ட், மூன்று ஃபேஸ். பின்பக்கம் இருக்கும் டயோடு தட்டுதான் அதை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. டயோடுக்கு முன்னாலேயே ஒரு ஃபேஸிலிருந்து ஒரு ஒயரை வெளியே இழுத்தால், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் துடிப்பு கிடைக்கும். பல டைனமோவில் கம்பெனியே அதற்கு ஒரு போல்ட் விட்டிருக்கும், 'டபிள்யூ' என்று எழுத்து இருக்கும். பெரிய போல்ட் பி பிளஸ், பேட்டரிக்குப் போவது. சின்னது டி பிளஸ், சார்ஜ் லைட்டுக்குப் போவது. டி பிளஸ்ஸில் மாட்டினால் அது வெறும் டி.சி., முள் அசையாது. அப்படி மாட்டிவிட்டு "மீட்டர் ரிப்பேர்" என்று என் கடைக்கு வருபவர்களே அதிகம்.

மீட்டர் வாங்கும்போது "ஆல்டர்நேட்டரில் ஓடும் டீசல் டைப், 12 வோல்ட்" என்று கேட்டு வாங்குங்கள். சேலம், நாமக்கல் பக்கம் பழைய லாரியில் கழற்றிய மீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆசைப்படாதீர்கள், அவை பெரும்பாலும் 24 வோல்ட்.

திம்பம்27

ரொம்ப நன்றி அண்ணா. இன்று டைனமோ பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய போல்ட்டில் ரப்பர் மூடி போட்டு தடித்த ஒயர். பக்கத்தில் சின்ன போல்ட்டில் மெல்லிய ஒயர் ஒன்று. வேறு போல்ட் எதுவும் இல்லை. எழுத்தெல்லாம் கிரீஸும் மண்ணும் அப்பி ஒன்றும் படிக்க முடியவில்லை. இது முன்னால் வைத்திருந்தவர் மாற்றிப் போட்ட டைனமோ போலிருக்கிறது.

ஸ்பேனர் பாய் (திண்டுக்கல்)

பைக்குக்கு வரும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று இருக்கிறது. பிளக் ஒயர் மேல் ஒரு ஒயரை நாலு சுற்று சுற்றிவிட்டால் போதும், வேலை முடிந்தது. விலையும் குறைவு. அதைப் போடலாமே?

டைனமோ கடை (சங்ககிரி)

டீசலில் பிளக் ஒயர் எங்கே தம்பி இருக்கிறது? ஹீட்டர் பிளக் மேல் சுற்றினாலும் ஒன்றும் வராது. வொர்க்‌ஷாப்பில் டீசலுக்கு ஒரு கிளிப் வைத்திருப்பார்கள், நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பில் கவ்வ வைப்பது. டீசல் அழுத்தம் வரும்போது பைப் இம்மியளவு விரிவதை அது பிடிக்கும். சோதனைக்கு அருமையான சாமான், நிரந்தரமாக வண்டியில் வைக்க ஆகாது.

திம்பம் தம்பி, டபிள்யூ போல்ட் இல்லாவிட்டால் டைனமோவைக் கழற்றி மூடியைத் திறக்க வேண்டும். ஸ்டேட்டரிலிருந்து மூன்று செம்புக் கம்பி வந்து டயோடு தட்டில் பற்றவைத்திருக்கும். அதில் ஏதாவது ஒன்றின் மேல் இன்னொரு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரப்பர் வளையம் போட்ட ஓட்டை வழியாக வெளியே எடுப்பதுதான் வேலை. நன்றாகச் சூடாக்கிப் பற்றவைக்க வேண்டும். டைனமோ சூட்டில் சோம்பேறிப் பற்றவைப்பு விட்டுவிடும். ரீவைண்டிங் கடைக்காரருக்கு இது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

முக்கியமானது ஒன்று. அந்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் டயோடு போய்விடும். அதனால் டைனமோ பக்கத்திலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள், மீட்டர் பக்கத்தில் போட்டுப் பிரயோஜனம் இல்லை. சைலன்சர் மேனிஃபோல்டை விட்டு ஒதுக்கி, நெளிகுழாய்க்குள் விட்டு இழுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். பேட்டரி வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதி, 7 வோல்ட் வாக்கில் காட்டினால் சரி. 14 காட்டினால் தப்பான இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள்.

வன்னி டபுள்கேப் (கிளிநொச்சி)

வணக்கம். என்னிடம் 90-களின் ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள்கேப், 3எல் எஞ்சின், 2779 சிசி. எனக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது. நான் வேறு வழியில் போனேன். உயர் ரக ஹைலக்ஸில் ஆர்.பி.எம். மீட்டரோடு வரும் முழு மீட்டர் போர்டை கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து அப்படியே மாற்றினேன். பார்க்க கம்பெனியில் இருந்து வந்தது போலவே இருக்கும், டாஷ்போர்டில் ஓட்டை போடத் தேவையில்லை.

ஆனால் இரண்டு விசயம் கவனிக்க வேணும். பெட்ரோல் ஹைலக்ஸின் மீட்டர் போர்டும் டீசலின் மீட்டர் போர்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிக்னல் வேறு. 22ஆர் பெட்ரோல் எஞ்சினுடையது காயில் துடிப்பை எதிர்பார்க்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்பார், நம்ப வேண்டாம். அடுத்தது, போர்டை மாற்றினால் ஓடின கிலோமீற்றரும் மாறிவிடும். மாற்றின அன்று பழையதும் புதியதும் எத்தனை காட்டினது என்று படம் எடுத்து வாகனப் புத்தகத்தோடு வைத்திருங்கோ. நாளைக்கு விற்கப் போகும்போது கேள்வி வரும்.

நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாக மரக்கறி ஏற்றி இறங்கும் ஆட்களுக்கு இந்த மீட்டர் எவ்வளவு உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை. மேலே எழுதின ஐயாவின் காது கெட்டிக்காரக் காதாக இருக்கலாம், எல்லாருக்கும் அது வாய்க்காது.

பழைய ஸ்டியரிங் (ஒட்டன்சத்திரம்)

காது கதையை விடுங்கள். டீசல் இன்ஜினில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? ஒரு அளவுக்கு மேல் போனால் பம்ப் டீசலைக் குறைத்துவிடும். நீங்கள் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் அதற்கு மேல் சுற்றாது. பிறகு எப்படி ஓவராகச் சுற்றும்? அந்தத் தழும்புக்கு மெக்கானிக் வேறு காரணம் பார்க்கட்டும். டைமிங் தப்பினாலும் வால்வு தொடும்.

பட்டறை கணக்கு (கோயம்புத்தூர்)

ஐயா, கவர்னர் டீசலைத்தான் அடக்கும், சக்கரத்தை அடக்காது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் பம்ப் ஏற்கெனவே டீசலை நிறுத்திவிட்டது. அப்போது இன்ஜினைச் சுற்றுவது டீசல் அல்ல. லோடோடு இறங்கும் வண்டிதான் சக்கரம், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்), கியர்பாக்ஸ் வழியாக இன்ஜினைத் தள்ளுகிறது. மூன்றாவது கியரில் வேகம் ஏறிவிட்டது என்று பயந்து இரண்டாவதைப் போட்டு கிளட்சை விட்டால், ஆர்.பி.எம். ஒரே எகிறாக எகிறும். கவர்னர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வால்வு ஸ்பிரிங் வால்வை உடனே மேலே இழுக்க முடியாமல் பின்தங்கும், பிஸ்டன் வந்து தட்டும். டைமிங் தப்பியிருந்தாலும் தொடும் என்று நீங்கள் சொன்னதும் சரிதான், அதையும் பார்த்துவிட வேண்டும். டைமிங் சரியாக இருந்தால் இதுதான் காரணம்.

இன்னொன்று. இறக்கத்தில் இன்ஜின் சுமை இல்லாமல் சுற்றுவதால் சத்தத்தின் குணமே வேறு. ஏற்றத்தில் 2500-இல் வரும் அலறல், இறக்கத்தில் 3500-இலும் வராது. ஏற்றத்தில் பழகிய காது இறக்கத்தில் ஏமாறும் இடம் இது. இந்த டிஐ இன்ஜினுக்கு 63 குதிரைத்திறன் கிடைப்பது 3200-இல். அதற்கு மேல் வேலைக்கு எந்த லாபமும் இல்லை. இறக்கத்திலும் அதைத் தாண்ட விடாமல் வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்டியரிங் (ஒட்டன்சத்திரம்)

இறக்கத்தில் கியர் குறைப்பதாக இருந்தால் வேகத்தைப் பிரேக்கில் குறைத்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அந்தக் காலத்துக் கிளீனர் பையனுக்கும் தெரியும். இதற்கு மீட்டர் எதற்கு? டிரைவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

திம்பம்27

ஐயா சொல்வது சரிதான், அவனுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் வண்டியில் இல்லாதபோது அவனுக்கு ஒரு அளவு கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது என்று பார்க்கிறேன். "சத்தம் ஜாஸ்தியானால் மாற்று" என்றால் அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவன்.

வன்னி டபுள்கேப் (கிளிநொச்சி)

ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்களிடம் டிராக்டர் இருக்குமென்று நினைக்கிறன். ரோட்டவேட்டர் ஓட்டும்போது பி.டி.ஓ. (கருவியைச் சுற்றும் பின்பக்கத் தண்டு) 540 குறியைப் பார்த்துத்தானே ஆக்சிலேட்டரை வைக்கிறீர்கள்? அது என்ன மீட்டராம்?

பழைய ஸ்டியரிங் (ஒட்டன்சத்திரம்)

டிராக்டர் வேறு, வண்டி வேறு. :)

பட்டறை கணக்கு (கோயம்புத்தூர்)

ஐயாவுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கியரில் கிளட்ச் விட்டு ஓடும்போது வேகமும் ஆர்.பி.எம்.மும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. மீட்டரே இல்லாமல் ஸ்பீடோமீட்டரை வைத்துச் சமாளிக்கலாம். பழைய பீட்டில் காரில் ஸ்பீடோமீட்டர் முகத்திலேயே கியருக்கு ஒரு குறி போட்டிருப்பான்.

கணக்கு இப்படி. 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குத் தரையில் ஏறக்குறைய 2.15 மீட்டர் ஓடும். கிரவுன் விகிதம் 4.1, இரண்டாவது கியர் 2.2, மூன்றாவது 1.4 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வண்டியின் சரியான விகிதத்தைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). 3200-ஐ 4.1-ஆலும் 2.2-ஆலும் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 355 சுற்று. அதை 2.15-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 763 மீட்டர், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். மூன்றாவது கியரில் இதே 3200 வருவது 72 கிலோமீட்டரில். ஆகவே இந்த விகிதம் உள்ள வண்டியில் 60-இல் இறங்கும்போது இரண்டாவது கியரைப் போட்டால் இன்ஜின் 4000-ஐத் தாண்டிவிடும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் 46-இல் ஒரு சிவப்புக் கோடு போட்டால் இரண்டாவது கியருக்குக் காவல் ஆயிற்று. செலவு ஒரு ஸ்கெட்ச் பேனா.

திம்பம்27

அருமையான யோசனை. ஒரே சிக்கல், எங்கள் பக்கம் பாதி பிக்கப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்துதான் இருக்கும். என் வண்டியும் சேர்த்துத்தான்! மீட்டரே போட்டுவிடுகிறேன்.

பட்டறை கணக்கு (கோயம்புத்தூர்)

அப்படியானால் மீட்டரை எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்பதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். பலர் மாட்டிவிட்டு அது காட்டுவதே வேதவாக்கு என்று ஓட்டுவார்கள். அட்ஜஸ்ட் செய்யாத மீட்டர் இல்லாத மீட்டரை விட மோசம்.

டைனமோவுக்குள் காந்தத் துருவம் பெரும்பாலும் 12, அதாவது 6 ஜோடி. சிலவற்றில் 16. டைனமோ ஒரு சுற்றுச் சுற்றினால் டபிள்யூ ஒயரில் 6 துடிப்பு. ஆனால் டைனமோ இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும். கிராங்க் புல்லியையும் டைனமோ புல்லியையும் பெல்ட் ஓடும் இடத்தில் அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக 152 மி.மீ., 66 மி.மீ. என்றால் விகிதம் 2.3. ஆறால் பெருக்கினால் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 13.8 துடிப்பு. மீட்டரில் சுவிட்ச் இருந்தால் 14-க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதியைச் சின்ன ஸ்க்ரூவில் சரி செய்ய வேண்டும்.

சரி செய்வதற்கு இன்ஜினின் உண்மையான வேகம் தெரிய வேண்டுமே. கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, லேசர் அடித்துப் பார்க்கும் கருவி இருந்தால் பிரச்சினையே இல்லை. கோவையில் மில் மெயின்டனன்ஸ் ஆட்கள் பையில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் எங்கள் பட்டறையில் செய்யும் ஒரு பழைய வித்தை இருக்கிறது.

பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒன்று வேண்டும். எலக்ட்ரானிக் சோக், எல்.இ.டி. எதுவும் உதவாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், எனவே டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. கிராங்க் புல்லியை நன்றாகத் துடைத்துவிட்டு முகத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரே ஒரு கோடு போடுங்கள். ராத்திரி வேறு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் இன்ஜினை மெல்ல ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் அந்த ஒரு கோடு நாலு கோடாகி, கூட்டல் குறி மாதிரி அசையாமல் நிற்கும். அதுதான் சரியாக 1500. கொஞ்சம் கூடினால் சுற்றும் திசையிலேயே மெல்ல நகரும், குறைந்தால் எதிர்த்திசையில் நகரும். 3000-க்குப் போனால் எதிரெதிராக இரண்டே கோடு நிற்கும். 1500-இல் மீட்டரைச் சரிசெய்து 3000-இல் ஒத்துப் பாருங்கள். ஐடிலில் வைத்துச் சரிசெய்யாதீர்கள், அங்கே 50 தப்பினால் மேலே 200 தப்பும்.

ஃபேன் பக்கத்தில் துண்டு, லுங்கி நுனி எதுவும் போகக் கூடாது. கோடு அசையாமல் நிற்பது போலத் தெரிவதால் புல்லி நிற்கிறது என்று கை தொட்டுவிடத் தோன்றும், அதுதான் ஆபத்து.

ஸ்பேனர் பாய் (திண்டுக்கல்)

மொபைலில் சத்தத்தை அலசும் செயலி இருக்கிறதே, அதில் பார்க்கலாமா?

பட்டறை கணக்கு (கோயம்புத்தூர்)

பார்க்கலாம். நாலு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, எனவே சைலன்சர் சத்தத்தில் முக்கியமான ஹெர்ட்ஸை 30-ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். 50 ஹெர்ட்ஸ் வந்தால் 1500. ஆனால் மொபைல் மைக் இவ்வளவு கீழ்ச் சத்தத்தை ஒழுங்காகப் பிடிக்காது, 50-க்குப் பதில் 100-ஐக் காட்டி உங்களை 3000 என்று நம்ப வைத்துவிடும். ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன் செவி (டெக்சஸ்)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் வைத்திருப்பது 1978 செவ்ரலே சி10, பெட்ரோல் வி8. இங்கே இந்த வேலை சுலபம். ஹெச்.இ.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலேயே ஆர்.பி.எம். மீட்டருக்கென்று 'டாக்' என்று எழுதிய முனை இருக்கிறது, மீட்டரின் சிக்னல் ஒயரை அதில் சொருகினால் போதும். மீட்டர் பின்னால் 4, 6, 8 என்று சிலிண்டர் சுவிட்ச் இருக்கும். எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு 4-இல் வைத்தால் இரட்டிப்பாகக் காட்டும்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: அந்த ஒயர் உரசி பாடியில் பட்டால் ஸ்பார்க்கே நின்று, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அப்படியே அணைந்துவிடும். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் ஒயரை விடாதீர்கள்.

திம்பம்27

மீட்டர் போட்டாயிற்று! சத்தியமங்கலத்தில் ரீவைண்டிங் கடையில் டைனமோவைத் திறந்து ஒயர் எடுத்துக் கொடுத்தார்கள். திறந்து கழுவியபோதுதான் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது தெரிந்தது, அதையும் மாற்றியாயிற்று. மீட்டரை ஸ்டியரிங் காலம் மேல் கிளாம்ப் வைத்து மாட்டியிருக்கிறேன். சிவப்பு ஒயர் இக்னிஷனுக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை பார்க்கிங் லைட்டுக்கு, பச்சை டபிள்யூ ஒயருக்கு. மல்டிமீட்டரில் 7.1 காட்டியது.

இரண்டு குறை இருக்கிறது. ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் செத்துக் கிடக்கிறது. ஒரு தடவை ஆக்சிலேட்டர் கொடுத்தால் உடனே துள்ளி எழுந்து சரியாகக் காட்டுகிறது. இரண்டு, ஹாரன் அடித்தால் முள் ஆடுகிறது. மீட்டர் கோளாறா?

டைனமோ கடை (சங்ககிரி)

மீட்டர் நல்லதுதான். முதல் குறைக்கு, சாவி போட்டதும் மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிகிறதா பாருங்கள். எரியாது என்று நினைக்கிறேன். அந்த பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் டைனமோ தூங்கிக்கொண்டே இருக்கும், வேகம் ஏறிய பிறகுதான் தானாக விழிக்கும். அது விழித்தால்தான் டபிள்யூவில் துடிப்பு வரும். இத்தனை நாள் இருந்த குறையை மீட்டர் இப்போது காட்டிக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது எர்த். கறுப்பு ஒயரை டேஷ்போர்டு தகட்டு ஸ்க்ரூவில் கொடுத்திருப்பார்கள். ஹாரன், லைட் எல்லாம் அதே தகட்டை நம்பி இருக்கும். தனி ஒயர் இழுத்து, பெயின்டைச் சுரண்டிய பாடி போல்ட்டில் இறுக்குங்கள்.

திம்பம்27

பல்பு போயிருந்தது! மாற்றியதும் ஸ்டார்ட் ஆன உடனே முள் எழுகிறது. எர்த்தும் மாற்றியாயிற்று, ஹாரனுக்கு ஆடவில்லை.

டியூப் லைட் வித்தை எங்கள் மாட்டுக் கொட்டகையில் நடந்தது. பழைய சோக் லைட் அங்கேதான் மிச்சம் இருந்தது. நாலு கோடு நின்றபோது மீட்டர் 1700 காட்டியது, 1500-க்கு இறக்கி வைத்தேன். 3000-இல் இரண்டு கோடு, மீட்டரில் முள் அகலத்துக்குள்தான் வித்தியாசம். அண்ணனுக்கு நன்றி. அந்தக் கோடு நிற்பதைப் பார்க்க வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

நேற்று லோடோடு இறங்கினேன். இரண்டாவது கியரில் பிரேக் தொடாமல் விட்டால் நேரான இடத்தில் முள் 3000 வரை தானாக ஏறுகிறது. வளைவுக்கு முன்னால் பிரேக் தொட்டால் 2000-க்கு வருகிறது. சத்தத்தில் எனக்கு இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியதே இல்லை. 3200-இல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், பையனுக்கு அதுதான் எல்லை.

பழைய ஸ்டியரிங் (ஒட்டன்சத்திரம்)

நல்லது தம்பி. என் வண்டிக்கு வேண்டாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: டைனமோ பெல்ட் லூசானால் அது வழுக்கும், மீட்டர் குறைத்துக் காட்டும். பையன் 3000 என்று நினைத்துக்கொண்டு 3400-இல் போவான். பெல்ட்டை அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் முக்கியமாக.

டைனமோ கடை (சங்ககிரி)

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ராத்திரி ஹெட்லைட் போட்டதும் ஒரே வேகத்தில் முள் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். டைனமோவை எப்போது மாற்றினாலும் புல்லி அளவையும் பாருங்கள், மாறியிருந்தால் திரும்ப டியூப் லைட்டுக்குப் போக வேண்டியதுதான்.

குட்டி யானை (பொள்ளாச்சி)

முழு இழையும் படித்தேன். என்னிடம் டாடா ஏஸ், பழைய 702 சிசி டீசல், இரண்டே சிலிண்டர். இதே மீட்டர் எனக்கு வருமா? சிலிண்டர் பாதிதானே, பாதியாகக் காட்டாதா?

பட்டறை கணக்கு (கோயம்புத்தூர்)

வரும். டபிள்யூ ஒயரில் எடுத்தால் சிலிண்டர் எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை, புல்லி விகிதமும் துருவ ஜோடியும் மட்டும்தான். டியூப் லைட் கணக்கும் மாறாது, அது புல்லிக் கோட்டைத்தான் பார்க்கிறது. மொபைல் செயலியில் பார்த்தால் மட்டும் 30-க்குப் பதில் 60-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு புல்லியையும் அளந்து இங்கே எழுதுங்கள், டைனமோ பின்னால் எத்தனை போல்ட் என்றும் ஒரு படம் போடுங்கள்.